ஜோடிக்கு ஒரு பொன்னாடை

எஸ்தர் அக்கா இறந்துபோன செய்தி எனக்கு ஒரு ஆர்டராகத்தான் வந்தது.

உத்திரமேரூர் பஜாரில் நான் பிளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சிக்காரர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கடையில் ஒரே இயந்திரத்தில் ஓடும். அன்று காலை கடையைத் திறந்து நாஷ்டாப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது போனில் ஒரு படம் வந்து விழுந்தது. கூடவே ஒரு வாசகம்: "பின்பாட்டுக் கலைஞர் திருமதி எஸ்தர் அவர்களின் மறைவுக்குக் கண்ணீர் அஞ்சலி." அதற்குக் கீழே, "எட்டுக்கு ஆறு சைஸ். மதியத்துக்குள் வேணும்" என்று இன்னொரு வரி. அனுப்பியவர் எங்கள் வட்டாரத்து நாடகக் கலைஞர் சங்கத்தின் தலைவர் சண்முகம் வாத்தியார்.

பெயரைப் படித்து முடித்தும் எனக்கு ஏறவில்லை. யாரோ ஒரு எஸ்தர் என்றுதான் நினைத்தேன். 'பின்பாட்டு' என்று போட்டிருந்ததால் எங்கள் அக்காவாக இருக்க முடியாது என்று மனசு சொல்லிக்கொண்டது. பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அக்காதான். அழுகை வருவதற்கு முன்னால் எனக்குக் கோபம் வந்துவிட்டது. அது இன்னும் போகவில்லை. "கொஞ்ச நாள் போகட்டும், ஆறின பிறகு எழுதுங்கள்" என்று இரண்டு நண்பர்கள் சொன்னார்கள். அக்காவை அறிந்தவர்களுக்குத் தெரியும், ஆறிப்போன எதையும் அவர் தொடமாட்டார், டீ உட்பட. ஆகவே சூடாகவே எழுதுகிறேன்.

என் கோபத்தின் காரணம் புரிய வேண்டுமானால் பின்பாட்டு என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துக் கூத்திலும் நாடகத்திலும் வேஷக்காரர் முன்னால் நின்று ஒரு அடி பாடுவார். பின்னால் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் அந்த அடியை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். அந்த இடைவெளியில் முன்னால் இருப்பவர் மூச்சு வாங்கலாம், ஒரு சுற்று ஆடலாம், மறந்துபோன அடுத்த அடியை நினைவுக்குக் கொண்டுவரலாம். அப்படித் திருப்பிப் பாடுவதுதான் பின்பாட்டு. சேர்ந்த புதிதில் பெரும்பாலோரை அங்கேதான் நிறுத்துவார்கள். வருஷக்கணக்கில் நின்ற பிறகு, வாத்தியார் மனசு வைத்தால், முன்னால் வரலாம். அதனால் எங்கள் வட்டத்தில் ஒருவரைப் பின்பாட்டு என்று சொன்னால் 'இன்னும் தேறாத கேஸ்' என்று அர்த்தம். வாழ்நாளில் பாதியை ராஜா வேஷத்தில் கழித்த ஒருத்தியை, ராஜபார்ட் எஸ்தர் என்று போட்டால்தான் டிக்கெட் விற்கும் என்ற நிலையில் இருந்தவரை, செத்த பிறகு தேறாத கேஸாக்கி எட்டுக்கு ஆறு சைஸில் நிறுத்தப் பார்த்தார்கள்.

அக்காவுக்குச் சொந்த ஊர் மானாம்பதி. அப்பா அம்மா இருவரும் ஊர்க்காரர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். அக்கா பாடப் பழகியது சர்ச்சில். நல்ல உயரம், கனமான குரல். நாடக செட்டில் சேரப் போனபோது பின்பாட்டில் நிறுத்தாமல் நேராக, பெண்களுக்கு வழக்கம்போல, ஸ்திரீபார்ட் கொடுத்திருக்கிறார்கள், காட்டில் விடப்பட்ட ராணி அழுகிற வேஷம். அக்கா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "எனக்கு அயுவற வேஷம் வாணாம். அய வெக்கிற வேஷமா குடு" என்றாராம். இதை அவர் சொல்லும்போதெல்லாம் நான் சிரித்திருக்கிறேன். ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்காக அவர் எத்தனை பேரிடம் பேச்சு வாங்கியிருப்பார் என்று யோசித்தால் சிரிப்பு வராது. பொம்பளை ராஜா, அதுவும் காலனிப் பொம்பளை, அதுவும் வேதக்காரி. கோயில் திருவிழா மேடையில் அவர் சிம்மாசனத்தில் உட்கார்ந்தால் கீழே உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கிறதே என்று எழுந்து போன பெரிய மனிதர்கள் உண்டு. எழுந்து போனவர்கள் பந்தலுக்கு வெளியே நின்று கடைசி வரை பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் அந்த செட்டில் கட்டியக்காரன். கதைக்கு நடுவே வந்து கோமாளித்தனம் பண்ணி, ராஜாவையே கேலி செய்கிற வேஷம். மேடையிலிருந்து எனக்கு எல்லாம் தெரியும்.

பிறகு தொண்டையில் கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள். உயிர் தங்கியது, குரல் போய்விட்டது. பேசினால் தகரத்தைத் தரையில் இழுத்தாற்போல இருக்கும். சங்கத்தில் எல்லோரும் வந்து பார்த்தார்கள், ஆரஞ்சுப் பழம் கொடுத்தார்கள், 'கலைக்குப் பெரிய இழப்பு' என்றார்கள். அத்தோடு அக்காவை மறந்தும் போனார்கள்.

மறுபடி நான் அக்காவைப் பார்த்தது என் கடை வாசலில். உள்ளே வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "நைனா, ஒரு கச்சேரி போடறேன். நீ கட்டியக்காரன்" என்றார். வேஷம் கிடையாது, திரை கிடையாது, முழு நாடகமும் கிடையாது. பல நாடகங்களிலிருந்து பாட்டுகளை மட்டும் எடுத்து, ஆர்மோனியம் மிருதங்கத்தோடு மேடையில் பாட வேண்டும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் நான் வந்து கதையைச் சொல்லி, வாயாடி, அடுத்த பாட்டுக்கு ஆளை அழைக்க வேண்டும். இதில் புதுமை ஒன்றும் இல்லையே என்றேன். அப்போது சொன்னார்: ஒவ்வொரு பாட்டுக்கும் இரண்டு பேர். ஒருவர் பழம் தின்று கொட்டை போட்டவர், இன்னொருவர் மேடையே ஏறாதவர்.

"சரி, புதுசுங்களுக்குப் பின்பாட்டுக் குடுக்கலாம்" என்றேன் நான்.

"அங்க தான் தப்பு பண்றீங்க எல்லாரும். புதுசு முன்னால. பயசு பின்னால."

"வாத்தியாருங்க ஒத்துப்பாங்களாக்கா?"

"தெரிஞ்சவன் தான்யா பின்னால நிக்கணும். முன்னால பாடறவன் வுயுந்தா தூக்கறதுக்கு ஆள் வேணுமா இல்லியா? தெரியாதவன பின்னால நிக்க வெச்சிக்கினு இன்னாத்த தூக்குவீங்க?"

  காலங்காலமாக நாங்கள் தலைகீழாக நின்றுகொண்டிருந்தோம் என்பது அன்று எனக்குத் தெரிந்தது.

புதியவர்கள் என்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று நினைத்துவிடாதீர்கள். அக்காவின் கணக்கில் மேடை ஏறாத எவரும் புதியவர்தான். பஸ் நிலையத்துப் பரோட்டா மாஸ்டர் ஒருவர் இருந்தார், பேரன் எடுத்தவர். தேவகி என்று திருப்புலிவனத்துப் பெண், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் செல்போன் கம்பெனியில் வேலை, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அக்கா தேவகியைக் கண்டுபிடித்தது ரேஷன் கடை வரிசையில். நடுவில் நுழைந்த ஒருவனைத் தேவகி விட்டு விளாசிக்கொண்டிருந்தாளாம். அந்தச் சத்தத்தைக் கேட்டு, சண்டை முடியும் வரை காத்திருந்து, "எம்மா, இந்தக் கொரல சண்டைக்கே செலவு பண்ணிக்கினு கீறியே, ராஜா பாட்டு பாடறியா?" என்று கேட்டிருக்கிறார். தேவகி அந்த வேகத்தில் அக்காவையும் நாலு வார்த்தை திட்டியிருக்கிறாள். அது அக்காவுக்கு இன்னும் பிடித்துப்போனது.

ஒத்திகை என் கடைக்குப் பின்னால் நடந்தது. அங்கேயே முதல் தகராறு. சண்முகம் வாத்தியாரும் மற்ற மூத்தவர்களும் கச்சேரி என்றால் விடிய விடிய நடக்க வேண்டும், அதுதான் முறை என்றார்கள். அக்கா சாயங்காலம் ஆரம்பித்து ஒன்பது மணிக்குள் மங்களம் பாடிவிட வேண்டும் என்றார். "விடிய விடியப் பாடினாத்தாம்மா கலை" என்றார் வாத்தியார். அக்கா தகரக் குரலில் கத்தினார். "தேவகி காலையில கம்பெனி பஸ் புடிக்கணும். இவரு வெள்ளன மாவு பெசையணும். உங்க கலையா வந்து பெசையும்?" மாஸ்டர் வெட்கப்பட்டுக்கொண்டு, "நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேம்மா" என்றார். "நீ சும்மா இரு, பேஜார் பண்ணாத" என்று அவரையும் அதட்டினார். கடைசியில் ஒன்பது மணி என்றே நோட்டீஸ் அடித்தேன்.

வாத்தியாரைப் பற்றி நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அவர் பெரிய பாடகர். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அக்காவுக்கும் இருந்ததில்லை. அதனால்தான் கச்சேரியின் கடைசிப் பாட்டான ராஜா வரவுப் பாட்டுக்குத் தேவகியை முன்னால் வைத்து, அவரைப் பின்னால் நிறுத்தினார். "அவளுக்கு ஒஸ்தியான ஆள் பின்னால வேணும். வாத்தியாரு தான் ஒஸ்தி" என்றார். இதைவிட ஒரு பாடகருக்கு என்ன மரியாதை வேண்டும்? வாத்தியாருக்கு அது மரியாதையாகத் தெரியவில்லை. மனசுக்குள் வைத்துக்கொண்டு, மேடைக்காகக் காத்திருந்தார்.

கச்சேரி நடந்த ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஏரிக்கரைக்குக் கீழே கோயில் மைதானம், ஆடி மாதம், நல்ல கூட்டம். மாஸ்டர் முதல் பாட்டிலேயே அடியை மறந்தார். பின்னால் நின்ற மூத்தவர் ஒருவர் அந்த அடியை அவ்வளவு அழகாக எடுத்துக் கொடுத்தார், மறந்தது யாருக்கும் தெரியவில்லை. நான் முன்னால் வந்து, "மாஸ்டர் பரோட்டாவ திருப்பிப் போட்டாரு, அண்ணன் புடிச்சிக்கினாரு" என்று சொன்னதும் கூட்டம் ஆரவாரம் செய்தது. அந்த மூத்தவர் பிறகு என்னிடம், இத்தனை வருஷத்தில் இவ்வளவு சந்தோஷமாகப் பாடியதில்லை என்றார். அக்கா நினைத்தது நடந்துகொண்டிருந்தது.

கடைசியாகத் தேவகி வந்தாள். "ஏழு ஏரி காக்கும் ராஜன் எழுந்து வாரேன் பாரு" என்று எடுத்தாள். மைதானம் அப்படியே அமைதியாகிவிட்டது. ரேஷன் கடையில் கேட்ட அதே குரல்தான், ஆனால் இப்போது அதற்கு ஒரு நாடு இருந்தது. முதல் சரணம் முடிந்தது. அப்போது நான் மேடை ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாத்தியார் ஆர்மோனியக்காரரின் தோளில் இரண்டு விரலால் தட்டி, மேலே காட்டினார். கட்டையை ஏற்று என்று அர்த்தம். கட்டை என்பது சுருதி. ஒருவர் ஒரு கட்டையில் பழகியிருக்கும்போது பாதியில் ஆர்மோனியப் பெட்டியின் சுருதியை மேலே தூக்கினால், பழகாத தொண்டை அங்கே போய்க் கிழியும். மேடையில் ஒருவரை ஒழிக்க இதைவிடச் சுத்தமான வழி கிடையாது. பார்க்கிறவர்களுக்குப் பாடுபவரின் தப்பாகவே தெரியும். ஆர்மோனியக்காரர் தயங்கினார். வாத்தியார் சொல்லை மீறினால் அடுத்த சீசனுக்கு அவரை யாரும் கூப்பிட மாட்டார்கள். ஏற்றிவிட்டார்.

தேவகி அந்த அடியை எட்டிப் பிடிக்கப் பார்த்தாள். குரல் உடைந்தது. மறுபடி எடுத்தாள், மறுபடி உடைந்தது. பின்னால் வாத்தியார் அதே அடியைக் கணீரென்று பாடி, தான் யார் என்று காட்டினார். முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். "கம்பெனிக்கே போ" என்று ஒருவன் கத்தினான். தேவகி மைக்கைப் பிடித்தபடி நின்றாள். தப்பு தன்னுடையது என்று அவள் நம்பிவிட்டாள், அது முகத்தில் தெரிந்தது. எனக்கு இன்றைக்கும் அந்த முகத்தை நினைத்தால் ரத்தம் கொதிக்கிறது.

அக்கா படியேறி வந்தார். நேராக ஆர்மோனியத்திடம் போய், துருத்தியின் மேல் கையை வைத்து அழுத்தினார். பெட்டி அடங்கிப்போனது. என் கையிலிருந்த மைக்கை வாங்கி, அந்தக் குரலில் சொன்னார்: "பாட்டு நிக்கல. பொட்டிய தான் நிறுத்துனேன். யாரும் எயுந்துக்காதீங்க." பிறகு ஆர்மோனியக்காரரிடம், "அவ கட்டைக்கு எறங்கி வா" என்றார்.

"பொம்பள கட்டைக்கு நான் பாட மாட்டேன்" என்றார் வாத்தியார்.

"அப்ப எறங்கிக்க வாத்தியாரே. படி அந்தப் பக்கம் கீது."

இது முழுவதும் மைக்கில் போனது. வாத்தியார் தோளில் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். அக்கா மைக்கை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவர் நின்ற இடத்தில் போய் நின்றார். ராஜபார்ட் எஸ்தர் வாழ்க்கையில் முதல்முறையாகப் பின்பாட்டு இடத்தில் நின்றது அன்றுதான். தேவகி திரும்பி அவரைப் பார்த்தாள். "பாடுறி, நான் கீறேன்" என்றார் அக்கா. தேவகி பாடினாள். அக்கா திருப்பிப் பாடினார். தகரக் குரல்தான், சுருதி மட்டும் இம்மியும் விலகவில்லை. அந்தக் கரகரப்புக்கு முன்னால் தேவகியின் குரல் ஏறி ஏறிப் போனது. வாத்தியார் ஏற்றிய கட்டைக்கே கடைசிச் சரணத்தில் அவளாகப் போய்ச் சேர்ந்தாள், யாரும் தூக்காமலே. ஆர்மோனியக்காரர் அழுதுகொண்டே வாசித்தார்.

அப்புறம் பொன்னாடை. விழாக் கமிட்டிக்காரர்கள் தட்டில் கொண்டுவந்தார்கள். மூத்த கலைஞர்களுக்குச் சரிகைப் பொன்னாடை, புதியவர்களுக்குக் கதர்த் துண்டு. யாருடைய யோசனையோ தெரியவில்லை, யோசித்தவர் நன்றாக இருக்கட்டும். அக்கா தட்டைப் பார்த்தார். துண்டுகளை எல்லாம் எடுத்து என் கையில் கொடுத்து, "இத மிருதங்கம் தொடைக்க வெச்சிக்க" என்றார். "பொன்னாட ஜோடிக்கு ஒண்ணு. ரெண்டு பேரும் ஒண்ணா போத்திக்கங்க." மாஸ்டரும் அந்த மூத்தவரும் ஒரே பொன்னாடைக்குள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். இப்படி ஜோடி ஜோடியாக. ஊரில் ஒரே டம்ளரில் தண்ணீர் குடிக்காத இரண்டு பேர் ஒரே பொன்னாடைக்குள் சிரித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். தேவகிக்கு ஜோடி இல்லை, வாத்தியார்தான் இறங்கிப் போய்விட்டாரே. அக்கா பொன்னாடையின் ஒரு முனையைத் தன் தோளிலும் மறு முனையைத் தேவகியின் தோளிலும் போட்டார். அப்போது எடுத்த படம்தான் அவர் படங்களிலேயே நல்ல படம்.

கோயில் மேடையில் ஏறிப் பெட்டியை நிறுத்தினாள், ஆண்களை அவமானப்படுத்தினாள் என்று சொல்லிச் சங்கத்திலிருந்து அக்காவின் பெயரை எடுத்தார்கள். அவர் நடத்தும் கச்சேரிக்குப் போகும் கலைஞர்களுக்கு ஆதரவு கிடையாது என்றார்கள். அக்கா கச்சேரியை நிறுத்தவில்லை. சர்ச் மைதானத்தில், கல்யாண மண்டபத்தில், பள்ளி ஆண்டு விழாவில் என்று போட்டுக்கொண்டே இருந்தார். மூத்தவர்களும் ஒவ்வொருவராகத் திருட்டுத்தனமாக வந்து பின்னால் நின்று பாடினார்கள். ஒருமுறை நகரத்திலிருந்து கேமராவோடு ஒருவர் வந்து, இந்தக் கலை அழிந்துகொண்டிருக்கிறதே என்று உருகினார். அக்கா ஒத்திகை நடக்கும் பக்கம் கையைக் காட்டி, "இன்னா சார் அழியுது? உள்ளாற போய் பாரு, நிக்க எடமில்ல. வுட்டா தானா வளரும். வுட மாட்டேங்கறாங்களே, அத படம் புடி" என்றார். அவர் அதைப் படம் பிடிக்கவில்லை.

கடைசியாக அக்காவைப் பார்த்தது ஆஸ்பத்திரியில். நெஞ்சுவலி. அடுத்த கச்சேரிக்கு யாருக்கு யார் ஜோடி என்பதைத்தான் பேசிக்கொண்டிருந்தார். நடுவில் திடீரென்று, "நைனா, நான் போனா சங்கத்துக்காரனுங்க மாலையோட வருவானுங்க. வாங்கிக்க, சண்ட வாணாம். ஆனா மைக்க மட்டும் குடுத்துடாத" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அந்த அக்காவைத்தான் 'பின்பாட்டுக் கலைஞர்' என்று போட்டு அனுப்பியிருந்தார்கள். அதோடு முடியவில்லை. அனுப்பியது அந்தப் பொன்னாடைப் படம். அதைப் பாதியாக வெட்டியிருந்தார்கள். தேவகியைக் காணோம். அக்காவின் தோளிலிருந்து சரிகை ஓடிவந்து, படத்தின் விளிம்பில் கத்தரித்தாற்போல நின்றது. கையும் நின்றது. அந்தக் கை யார் தோளில் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. நான் வாத்தியாருக்குப் போன் போட்டேன்.

"வாத்தியாரே, ராஜபார்ட்னு போட வேணாவா?"

"யோவ், கடைசியா அந்தம்மா இன்னா பாடுச்சோ அத தான் போட முடியும். பின்பாட்டு தான பாடுச்சு? நீயே நின்னுக்கினு பாத்தியே."

"போட்டோவுல பாதி ஆள காணோம்."

"செத்தவங்க படம் மட்டும் தான்யா போடணும். உசுரோட கீறவங்கள அஞ்சலியில போட்டா அபசகுனம்."

போனை வைத்துவிட்டு அவர் கூடவே அனுப்பியிருந்த பேனர் மாதிரியைத் திறந்து பார்த்தேன். கீழே சங்க நிர்வாகிகள் பன்னிரண்டு பேரின் படங்கள் வரிசையாக, வட்டம் வட்டமாக, கூப்பிய கைகளோடு. பன்னிரண்டு பேரும் உயிரோடுதான் இருக்கிறார்கள். நடுவில் பெரிதாக வாத்தியார்.

அந்த நேரத்தில் தேவகி வந்தாள். நைட் ஷிப்ட் முடிந்து வரும் வழியில் பஸ்ஸிலேயே செய்தி தெரிந்து, நேராகக் கடைக்கு வந்திருந்தாள். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது, முகமெல்லாம் வீங்கியிருந்தது. கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாள். நான் மறைக்கப் பார்த்தேன், முடியவில்லை.

"இன்னாண்ணா பண்ணப் போற?"

"பின்பாட்ட தூக்கிட்டு ராஜபார்ட்னு போடப் போறேன். அவன் இன்னா பண்ணுவான் பாத்துடறேன்."

அவள் திரையில் அந்த வெட்டுப்பட்ட விளிம்பை விரலால் தொட்டாள். பிறகு, "தூக்காதண்ணா" என்றாள். "அக்கா எனக்குப் பாடுன பாட்டுண்ணா அது. அத எதுக்கு நாம அசிங்கம்னு நெனைக்கணும்? ராஜபார்ட்டும் போடு. பின்பாட்டும் இருக்கட்டும். யாருக்குப் பின்பாட்டுன்னு மட்டும் சேத்துடு."

என் கோபத்தில் இருந்த ஓட்டை எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வாத்தியார் அந்த வார்த்தையை வசவாக எழுதியிருந்தார். நானும் அதை வசவாகவே படித்திருந்தேன். குரல் போன பிறகு அக்கா கடைசி வரை சண்டை போட்டது அந்த வார்த்தையை வசவாக்காமல் இருக்கத்தானே?

வேறு பேனர் அடித்தேன். சங்கத்து ஆர்டரைத் தொடவில்லை, அவர்கள் வேறு கடையைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று செய்தி அனுப்பிவிட்டேன். முழுப் படம், அக்காவும் தேவகியும், நடுவில் பொன்னாடை. மேலே 'ராஜபார்ட் எஸ்தர்'. கீழே 'தேவகிக்குப் பின்பாட்டுப் பாடியவர்'. வட்டப் படங்கள் கிடையாது. அதை மானாம்பதியில் அக்கா வீட்டுத் தெருமுனையில் கட்டினோம்.

சாயங்காலம் சங்கத்தார் மாலையோடு வந்தார்கள். பேனருக்கு முன்னால் நின்று வாத்தியார் நிதானமாகப் படித்தார். முகம் மாறியதை எல்லோரும் பார்த்தார்கள். மாலையைப் போட்டார், வீட்டில் நீட்டிய டீயை வேண்டாம் என்று கையால் தள்ளினார். அது எதற்காக என்று எங்களுக்குத் தெரியும், அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு என் பக்கம் வந்து கையை நீட்டினார். மைக் என் கையில் இருந்தது.

நான் கொடுக்கவில்லை. தேவகியிடம் கொடுத்தேன்.

அவள் "ஏழு ஏரி காக்கும் ராஜன் எழுந்து வாரேன் பாரு" என்று எடுத்தாள், தன் கட்டையில். ஜெபப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்த பாஸ்டர் அந்த அடியைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்து, புத்தகத்தை மூடிக்கொண்டார். அடி முடிந்தது. திருப்பிப் பாட வேண்டிய இடம் வெறுமையாக நின்றது. தேவகி பழக்கத்தில் திரும்பிப் பார்த்துவிட்டாள். அக்கா சவப்பெட்டிக்குள் படுத்திருந்தார். வாத்தியார் மூன்றடி தூரத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றார். அந்த அடி அவருக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும். அவர் பாடவில்லை. பரோட்டா மாஸ்டர் பாடினார், பின்னால் வந்த கச்சேரிகளில் பாடிய புதியவர்கள் எல்லோரும் பாடினார்கள். மேடையில் எப்போதும் முன்னால் நின்று வாயாடியே பிழைத்த நானும் தேவகிக்குப் பின்னால் போய் நின்று, என் கழுதைக் குரலில் பாடினேன். சுருதி விலகியிருக்கும். அக்கா மன்னிக்க மாட்டார், திட்டியிருப்பார்.

அவரை அறிந்தவர்களே, அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது பெரிதாக ஒன்றும் இல்லை. காரியம் முடிந்த பிறகு அந்தப் பேனரை அவிழ்த்துக் கொண்டுவந்து கடைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். கோபத்தை வைத்திருக்கிறேன், அதை ஆற விடுவதாக இல்லை. இன்னும் ஒன்று. கண்ணீர் அஞ்சலி அடிக்க என் கடைக்கு வருகிறவர்கள் போனை நீட்டி, இந்தப் படத்தில் எங்கள் ஆளை மட்டும் வெட்டி எடுங்கள் என்பார்கள். முன்பெல்லாம் கேள்வி கேட்காமல் வெட்டுவேன். இப்போது மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு முதலில் கேட்கிறேன்: "பக்கத்துல நிக்கறது யாரு?"